குருவி இல்லாத கூண்டு

சிப்பியை வரைவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஐயா. உடைத்த அரை மணி நேரத்தில் அதன் ஈரப் பளபளப்பு போய்விடும். நீங்கள் கேட்கும் அந்தப் படத்துக்காக ஒரே நாளில் மூன்று தட்டு வாங்கினேன். வீணாக்கவில்லை, வரைந்து முடித்ததும் நானே தின்றுவிட்டேன்.

ஹில்லெ என் வீட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். தரை துடைப்பாள், சாயம் அரைப்பாள், சொன்னால் ஜன்னலோரம் அசையாமல் உட்காருவாள். லைடன் ஊரில் அவளைப் போல் உட்காரத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் படத்துக்கும் ஆப்பிள் தோல் சீவியபடிதான் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் ஒரு கூண்டு, உள்ளே மஞ்சள் குருவி. முதலில் நான் வரைந்தது அவ்வளவுதான்.

ரொட்டிக்கடை பாரெண்ட் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலையும் வாசித்தால் கல்யாணம், அது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம் நான் படத்தைத் திருத்தினேன். கூண்டைத் திறந்து குருவியை எடுத்துவிட்டேன். ஆப்பிள் இருந்த மடியில் சிப்பித் தட்டை வைத்தேன். ஒரு கால் செருப்பைக் கழற்றித் தரையில் போட்டேன். அர்த்தத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் பால்காரிகூடப் படம் படிப்பாள். சிப்பியும் கழன்ற செருப்பும் காமம்; கூண்டில் குருவி இல்லையென்றால் பெண்ணிடம் கன்னிமை இல்லை.

புதன்கிழமை அதைத் தெருப்பக்கத்து அறையில் மாட்டினேன். மீன்காரி ஒருத்தி போய் பாரெண்டை இழுத்து வந்து காட்டினாள்.

"என்ன ரொட்டிக்காரரே, குருவி பறந்து எத்தன நாளாச்சு? வெறுங்கூண்டுக்கா ஊரக் கூட்டி ரெண்டு ஓல வாசிச்சீங்க?"

தெருவே சிரித்தது. அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

மறுநாள் சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"இத உள்ளபடி பாத்து வரைஞ்சீங்களா?"

என் வாசல் பலகையில் 'கண்டதைக் கண்டபடி' என்று எழுதியிருக்கிறது. தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆமாம் என்றேன். சிப்பியைக் கண்டேன், செருப்பைக் கண்டேன், கூண்டையும் திறந்து வைத்துப் பார்த்துத்தான் வரைந்தேன். இதில் பொய் எங்கே வந்தது?

மூன்றாம் ஓலை நின்றது. ஹில்லெ படத்தின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"எசமான், குருவியப் போட்டு அந்தக் கூண்டுக் கதவ மூடிடுங்க. உங்களுக்கு ரெண்டு இழுப்புதான? இல்லாட்டி, சும்மா கற்பனையா போட்டேன்னு பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. பாரெண்ட் என் முகத்தையே பாக்க மாட்டேங்கறாரு. என் வாழ்க்கையே போகுது."

"சாயம் காஞ்சிருச்சும்மா" என்றேன்.

அவள் கூண்டை விரலால் தொட்டாள். விரலில் பழுப்பு நிறம் ஒட்டியது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். நான் தூரிகை கழுவப் போய்விட்டேன்.

அப்புறம் அவள் என் வீட்டை விட்டுப் போனாள்; வேறு யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. பிச்சை எடுத்தாள் என்று பிடித்து, கெட்ட பெண்களை அடைக்கும் நூற்பு வீட்டில் போட்டார்கள். பஞ்சுத் தூசியும் குளிரும் நெஞ்சில் இறங்கி, மாசி பிறக்குமுன் செத்துப்போனாள். கேள்விப்பட்டதும் போனேன். கையோடு வரைகரியும் தாளும் கொண்டுபோனேன். கன்னம் ஒட்டி, எலும்பு தெரிய, வரைவதற்கு நல்ல முகமாகியிருந்தது. அந்த முகத்தை ஒரு மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்து இப்போது புதுப்படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

வருத்தமா என்கிறீர்கள். தாய்மார்கள் மகள்களைக் கூட்டி வந்து அந்தப் படத்தின் முன் நிறுத்திப் புத்தி சொல்கிறார்கள். ரொட்டிக்காரன் பெண்டாட்டியாக இருந்திருந்தால் அவளால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அவள் கெட்டவளா என்றும் கேட்டீர்கள். இல்லை. ஊரில் அதை அடித்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆறு வருடமாக இரவுகளில் அவள் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் தாழ்ப்பாள் போட மறந்ததில்லை.