டி.சி.க்கு ஆகாத சுவிட்ச்

சுவிட்ச் வாங்க வருகிறவர்கள் அதன் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், ஐயா. 250 வோல்ட் என்று இருந்தால் போதும் என்று நினைப்பு. அது வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்துக்குச் சொன்ன கணக்கு. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை அடங்கி எழும். அந்த அடக்கத்தில் சுவிட்சுக்குள் கிளம்பும் பொறி அணைந்துவிடும். பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயருக்குள் ஓடுவது நானூறு வோல்ட்டுக்கு மேல் டி.சி., ஒரே சீராக ஓடும் மின்சாரம். அது அடங்காது. நிறுத்தும்போதெல்லாம் பொறி நின்று எரிந்து உள்முனைகளை உருக்கும். ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சுவிட்சின் குமிழைக் கீழே தள்ளினாலும் மின்சாரம் நிற்காது.

சைகோனில், ஞட் தாவ் சந்தையில், என் பாதி ஆயுள் ஆம்ப்ளிஃபயர் செய்தே போனது. எனக்கு இது தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கியெம் என் கூட்டாளி. நான் செய்வேன், அவன் ஒலியைக் கேட்டுச் சொல்வான். எனக்குக் காது போய்க்கொண்டிருந்தது. சந்தையில் அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். வாடிக்கையாளர் எதிரில் நின்றால் என் முதுகில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஒலி கூர்மை, இரண்டு என்றால் சரி. ஆள் போனதும் கிண்டல் ஆரம்பிக்கும்.

"என்னண்ணே, தகரத்த சொரண்டுற மாதிரி கத்துது. காதுல காளான் மொளச்சிருக்கா?"

கல்யாணமானதும், மனைவி ஹுயெனின் ஊரான தலாத்துக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னான். புத்தாண்டு கழிந்ததும் கிளம்புவார்களாம். ஐஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.

"மலக்காத்துண்ணே. தோட்டம் போடலாம்ங்கிறா."

"நீ இல்லாம நான் என்னடா பண்ணுவேன்?"

"வேற காது வாங்கிக்குங்க. நம்ம சந்தையில கெடைக்காத சாமானா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு கடைக்குப் போய் ஒரு பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வயலின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை.

கல்யாணப் பரிசாக அவனுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். உள்ளே ஓடும் அந்த நானூறு வோல்ட்டை நிறுத்த அந்தச் சின்ன ஏ.சி. சுவிட்சையே போட்டேன். பழுதானால் என்னைத் தேடி வருவான் என்ற எண்ணம்தான்.

பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே மின்சாரம் இருக்கும்வரை எரிய வேண்டிய விளக்கு அது. நான் அதைக் குமிழோடு இணைத்தேன். குமிழ் கீழே போனால் விளக்கு அணையும், உள்ளே என்ன இருந்தாலும். பார்க்க நன்றாக இருந்தது.

கியெம் கவனமானவன். வால்வைச் சோதிக்கும்போது அது சூடாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் யாரும் மெயினை அணைப்பதில்லை. அவனும் குமிழைத் தள்ளுவான், விளக்கு அணைந்ததா என்று பார்ப்பான், இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் தொடுவான். ஒரு கை என்றால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகாது. சந்தை முழுக்க உள்ள பழக்கம்தான்.

அதனால் சோதிக்கும் முனையை ஸ்பிரிங் வைத்த ஒரு தகட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு கை தகட்டை இழுத்துப் பிடித்தால்தான் மறு கை உள்ளே போகும்.

"ஒலி மங்கினா நீயே சரி பண்ணிக்க, பொட்டியத் தொறக்கவே வேணாம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒலி மங்கியது. சரி பார்க்க உட்கார்ந்தான். ஹுயென் பக்கத்தில்தான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளக்கு அணஞ்சுதாண்ணே இருந்துச்சு. நானே பாத்தேன். யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நீங்களும் ஸ்டேஷனில் விபத்து என்றுதான் எழுதினீர்கள். சந்தையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? ஊருக்குப் போகிற அவசரம், கவனமில்லாமல் கையை வைத்துவிட்டான் என்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. அதற்காகத்தான் வந்தேன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹுயென் அவனைத் தலாத்துக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்யக் கேட்டாள். அவன் அம்மாவிடம் பேசி நான்தான் தடுத்தேன். இங்கேயே, கடையிலிருந்து பைக்கில் போய் வரும் தூரத்தில் இருக்கிறான். நேற்றுகூட ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: நான் அவனை ஒன்றும் செய்யவில்லை, போக வேண்டாம் என்றேன், அவன் போகவில்லை.