மூச்சு அட்டவணை

அட்டைப்படம் நன்றாக இருந்தது, ஐயா. கரும்பச்சை வானத்தில் விளக்கணைந்த ஒரு விண்கப்பல். புதுப் புத்தகம் வந்தால் நான் அட்டையிலிருந்துதான் எழுதத் தொடங்குவேன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுக்கான விதிநூல் அது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசுவார்கள், இக்கட்டான இடத்தில் பகடை முடிவு சொல்லும். அந்த விளையாட்டு நூல்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் பதினொரு வருடமாக ‘முதல் பார்வை’ எழுதுகிறேன். முதல் பார்வை ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, சந்தோஷம்.

புத்தகம் அக்கா வீட்டு முகவரிக்கு வந்திருந்தது. ஞாயிறு மத்தியானம் வாங்கப் போனேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் உறையைப் பிரித்து, கதை நடத்துபவர் மட்டுமே படிக்க வேண்டிய கடைசிப் பக்கங்கள் வரை படித்து முடித்திருந்தார். மனிதர் தங்கமானவர், வாய்தான் சும்மா இருக்காது.

“மாப்ளே, அந்தக் கப்பல்லேருந்து காப்பாத்துங்கன்னு ஒரு குரல் வருதுல்ல, அது யாரு தெரியுமா? நம்மளேதான்டா. எப்பவோ செத்துட்டோம்.”

“அத்தான், நான் இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கல.”

“இனிமே எதுக்குப் பிரிக்கணும்? அதான் சொல்லிட்டேனே.”

என் முகம் போன போக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அதிகம் சிரித்தால் அவருக்கு இழுப்பு வரும். வந்தது. அலமாரியைக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது, இருந்தாலும் இன்ஹேலரை எடுத்தேன். எடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது. மூச்சு அட்டவணை என்று ஒரு பக்கம். கப்பலில் காற்று தீர்ந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஆள் பிழைப்பார். யார்மேலும் கோபதாபம் இல்லாத விதி. பகடை எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். முடிவை நான் எடுக்கவில்லை, அதனிடம் விட்டேன்.

அக்கா இன்னமும் கேட்கிறாள், “கடைசியா ஏதாச்சும் சொன்னாராடா?” என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றேன், அது பொய்யில்லை. ஆனால் இப்போது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தாள்களுக்கு நடுவிலிருந்து அந்த இழுப்புச் சத்தம் வருகிறது. பயமாக இருக்கிறது, ஐயா. பட்டப்பகலில்கூட ஒரு பக்கம் புரட்ட முடியவில்லை. அந்த நூலைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். நல்ல நூல் என்றே எழுதினேன்.

நான்கு விழுந்தது என்று காலையில் உங்களிடம் சொன்னேன். விழுந்தது உண்மைதான், மூன்றாவது தடவையில். அதற்கு முன்னால் பதினாறு. அதற்கும் முன்னால், முதல் தடவை, பன்னிரண்டு. புத்தகத்தைப் படித்தவர் இல்லையா, பன்னிரண்டைப் பார்த்ததுமே பிழைத்துவிட்டோம் என்று அத்தான் கையை நீட்டினார்.