கதவு திறக்கும் வரை

பதினோரு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், சார். முதுகுவலி வந்ததே இல்லை.

ஏழு மாடிக் குடியிருப்பில் லிஃப்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழே சின்ன அறை, மேசையில் இன்டர்காம், தலைக்கு மேல் மெயின் சுவிட்ச். லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர் மணியை அழுத்துவார். நான் மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டு, கதவு திறக்கும் வரை அவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் ஆள் பதறிவிடுவார். அது விதி. விதியை மீறுகிற ஆள் நான் இல்லை. மற்றபடி எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. அக்கா எப்போதாவது போன் செய்வாள். நான் வாயைத் திறப்பதற்குள் “சரி, உடம்பப் பாத்துக்கோ” என்று வைத்துவிடுவாள்.

ஐந்தாம் மாடியில் ஒரு தையல்காரம்மா தனியாக இருந்தார். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. போன வருடம் லிஃப்ட் நிஜமாகவே பழுதாகி, நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார்.

“போயிடாதீங்க தம்பி. பேசிக்கிட்டே இருங்க,” என்றார்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா செத்த கதை வரை சொல்லிவிட்டேன். “மேல் பட்டன் இல்லாத சட்டையோடதானே சுத்துறீங்க? குடுங்க, தச்சுத் தரேன்,” என்றார். என்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்று வாரம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு வருத்தம்தான், கோபம் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவர் ஏறியதும் சுவிட்சை இறக்கினேன். மணி அடித்தது. “நல்லவேளை, நீங்க இருக்கீங்க தம்பி,” என்றார். பத்து நிமிடம் பேசிவிட்டுச் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டேன். அப்படி ஆறு தடவை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஏழாவது தடவை ஒரு பிற்பகல்.

“தம்பி, மருந்த வீட்லயே வச்சுட்டேன். மூச்சு வாங்குது.”

“மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்காரும்மா.” நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

இரண்டு தடவை இழுத்து மூச்சு வாங்கினார். பிறகு, “சுவிட்ச் உங்க பக்கத்துலதானே இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போட்டுவிடுங்க தம்பி.”

நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். போட்டிருந்தால் அதற்குப் பிறகு அவர் படியேறித்தான் போவார். என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். அதை என்னால் தாங்க முடியாது. எனக்குக் கை எழவில்லை. மூச்சிழுக்கும் சத்தம் நின்ற பிறகும் பேசினேன்.

அவர் பையில் ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டனும் நூல் கோத்த ஊசியும் இருந்ததாகச் சொன்னீர்கள். தையல்காரர் பையில் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

இங்கே ஜெயிலில் லிஃப்ட் இல்லை. ஆனாலும் அந்த மணி கேட்கிறது. கேட்டதும் பேச ஆரம்பித்துவிடுகிறேன். பக்கத்து அறைக்காரர் திட்டுகிறார்.

லிஃப்டை நிறுத்தியது நான்தான். தெரிந்தே போடாமல் இருந்ததும் நான்தான். ஆனால் அவரைத் தனியாக விடவில்லை, சார். ஆட்கள் கதவை உடைக்கும் வரை இரண்டு மணி நேரம் பேசினேன். அத்தனை நேரமும் அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.