மூன்றாம் பெட்டியின் இலக்கம்

— இல்லக்கா, அது வட்டம். நான் பெட்டி கீறச் சொன்னன்.

— பெட்டிதான்டா கீறினன்.

— பென்சில் நிக்காமச் சுத்தி ஓடினது கேட்டது. பெட்டியெண்டா நாலு இடத்தில நிண்டு கிறுகணும்.

— காதால பாக்கத் தொடங்கிட்டாய் என்ன... சரி, அழிச்சிட்டன். இந்தா, பெட்டி. உள்ளுக்கு என்ன எழுதுற?

— "சும்மா" எண்டு எழுது.

— சும்மாவா?

— ஓம். ஒரு பெட்டி ஒரு நிலை. பற்றரிக்குச் சார்ஜ் ஏத்துற மெசின் இப்ப என்ன செஞ்சிட்டு நிக்குதெண்டு பெட்டி சொல்லும். முதல் பெட்டியில ஒண்டும் செய்யாம நிக்குது. அதான் சும்மா.

— அப்ப நம்மட மாமாவைக் கீறின மாதிரித்தான்.

— மாமாவுக்கு ஒரு பெட்டி காணும்க்கா. இதுக்கு நாலு வேணும்... பெட்டிக்கு மேல ஒரு மூலையில சைபர் சைபர் எண்டு போடு. அது அந்த நிலையின்ட இலக்கம். சேர்க்கிட்டுக்கு "சும்மா" எண்டு வாசிக்கத் தெரியாது. சைபரும் ஒண்டும்தான் தெரியும்.

— போட்டாச்சு.

— இனிக் கீழ ஒரு சாய்சதுரம்.

— அதென்ன சாமான்?

— பட்டம். வால் இல்லாத பட்டம். அதுக்குள்ள ஒரு கேள்வி எழுது. "பற்றரியில கிளிப் கொழுவியிரிக்கா?"

— கிளிப்... கொழுவி... இரிக்கா. ம்.

— இல்லையெண்டா கோடு கிறுகித் திரும்பவும் அதே பெட்டிக்குப் போகணும். ஓமெண்டா கீழ இறங்கணும், அடுத்த பெட்டிக்கு. அதுக்குப் பேர் "விசிறி".

— கரண்ட் குடுக்க முந்தியே விசிறியா?

— ஓம். பற்றரி சார்ஜ் ஏறக்குள்ள அதிலயிரிந்து ஒரு வாயு வரும். பூட்டின அறையெண்டா அது போக வழியில்லாம நிண்டிரும். நம்மட கொட்டிலுக்குள்ள ஏற்கெனவே நிண்டாலும் விசிறி முதல்ல அதைக் கலைக்கணும். கலைஞ்சாப் புறகுதான் மூண்டாம் பெட்டி. "ஏத்து". அப்பதான் கரண்ட் ஓடும்.

— அண்டைக்குக் கொட்டில் பூட்டித்தான் இரிந்த. மழை எலுவா. சாரல் அடிக்குமெண்டு அப்பா படங்கையும் இழுத்துக் கட்டிட்டார்.

— எழுதினியா, ஏத்து எண்டு?

— எழுதிட்டன்.

— அதுக்குக் கீழ இன்னொரு பட்டம். "நிறைஞ்சிட்டா?" இல்லையெண்டா அதே பெட்டி. ஓமெண்டா நாலாம் பெட்டி. "ஆறவிடு". அதில கரண்ட் நிண்டிரும், விசிறி மட்டும் சுத்தும். பச்சை லைட் பத்தும். அப்பதான் கிளிப்பின்ட பூட்டுத் திறக்கும். அதுக்கு முந்தி ஆர் இழுத்தாலும் கிளிப் வராது.

— ஆர் இழுத்தாலுமா...

— ஓம். கரண்ட் ஓடிட்டிரிக்கக்குள்ள கிளிப்பைப் புடுங்கினா பொறி பறக்கும். அந்த வாயு வெடிக்கச் சின்னப் பொறி ஒண்டே காணும்.

— நீ அப்பாவை எழுப்பியிரிக்கலாம் தம்பி. ஏன் நீ போய்...

— விடியவேளை அவர் ஆத்துக்குப் போகணும் எலுவா. இறால் பாடு நல்லா இரிந்த நேரம். படுக்கட்டும், நான் லாம்புப் பற்றரியக் கழட்டித் தோணியில வெக்கிறன் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்... பச்சை லைட்டுக்குக் கீழ ஒரு கோடு போட்டியா?

— போடுறன்.

— அக்கா, மூக்கை உறிஞ்சாத. கேக்குது.

— தடிமன்டா.

— சித்திரை வெயில்ல தடிமன்.

— ஓம், வரும். நீ சொல்லு. மறுகா என்ன?

— கடைசிப் பட்டம். "கிளிப் கழட்டியாச்சா?" ஓமெண்டாக் கோடு மேல ஏறிச் சும்மாவுக்கே போகும். அவ்வளவுதான் படம். ஆரும் ஒரு தரம் பாத்தா விளங்கணும். பெட்டிகளையும் பட்டங்களையும் சரியா வெச்சிட்டா, சேர்க்கிட் அதிலயிரிந்து தானா வந்திரும்.

— உங்கட வகுப்புச் சேர் இதை ஏற்பாரா? நீ கீறல்லையே.

— அவர்தானே சொன்னவர், ஆர் கீறினாலும் பரவாயில்ல, நிதுர்ஷன்ட யோசனையா இரிந்தாக் காணுமெண்டு. திங்கட்கிழமை முன்னுக்கு நிண்டு விளங்கப்படுத்தணும். கீறினது ஆரெண்டு கேட்டா, கம்சாயினி, என்ட அக்கா, பெரியகல்லாத்தில பேர்போன தையல்காரி எண்டு சொல்லுவன்.

— பேர்போன... போடா.

— அப்பா எங்க?

— கரையில. தோணிக்குப் பக்கத்தில இரிக்கிறார்.

— தோணியிலயா, பக்கத்திலயா?

— பக்கத்தில. ஏறமாட்டார். லாம்பையும் பற்றரியையும் பக்கத்துத் தோணிக்கார இர்ஷாத் நானாவுக்குக் குடுக்கப்போறன் எண்டு நேத்தும் சொல்லிட்டிரிந்தார். "இனி எனக்கு ஆறும் வேணாம் இறாலும் வேணாம்" எண்டார். அம்மா சத்தம் போட்டா.

— குடுக்க விடாத. இது பாஸாகினா, என்ட கூட்டாளி தனோஜன் சாமான் வாங்கி ஒட்டித் தாறன் எண்டிரிக்கான். முதல் மெசின் நம்மட கொட்டிலுக்கு. அப்பா அதில பற்றரியக் கொழுவிப் பாக்கணும். பச்சை லைட் பத்தினதை அவரே வந்து எனக்குச் சொல்லணும்.

— சொல்லுவார்.

— சொல்லாட்டியும் பரவாயில்ல. தோணி கிளம்பின சத்தம் கேட்டாக் காணும். அம்மா எங்க போயிட்டா?

— அம்மன் கோயிலுக்கு. உனக்குக் கண்மலர் நேந்திரிக்கா, வெள்ளியில. தட்டாரிட்டச் சொல்லிட்டுத்தான் வருவா.

— கொழும்பு டொக்டர் ஆறு மாசத்தில கண் வருமெண்டு சொன்னாரெண்டு வாற போற எல்லாரிட்டயும் சொல்றா. நேத்து மீன்காரனுக்கும் சொன்னா.

— சந்தோசத்தில சொல்றா.

— அப்பிடித்தானே சொன்னவர்?

— ஓம்டா. எத்தின தரம் கேக்கிற. கண்தானம் செய்யிற ஆக்கள் நம்மட நாட்டில கனக்க எலுவா. உன்ட பேர் வரிசையில இரிக்கு. கண் வந்ததும் ரெலிபோன்ல கோல் எடுப்பாங்க, போய் வெச்சிட்டு வாறதுதான்.

— நல்லது.

— மறுகா நீயே கீறலாம். என்ட கோணல் பெட்டியப் பாத்துச் சிரிக்கலாம்.

— ம்... சரி, எல்லாத்தையும் ஒருக்கா வாசி. பிழையிரிந்தா இப்பயே திருத்துவம்.

— கேள். முதல் பெட்டி சும்மா, சைபர் சைபர். பட்டம், கிளிப் கொழுவியிரிக்கா. ரெண்டாம் பெட்டி விசிறி, சைபர் ஒண்டு. பட்டம், வாயு கலைஞ்சிட்டா. மூண்டாம் பெட்டி ஏத்து, ஒண்டு ஒண்டு. பட்டம், நிறைஞ்சிட்டா. நாலாம் பெட்டி ஆறவிடு, ஒண்டு சைபர். பட்டம், கிளிப் கழட்டியாச்சா. கோடு மேல. முடிஞ்சிது. எங்கயும் விட்டிட்டனா?

— விசிறிக்குக் கீழ பட்டம் கீறச் சொல்ல மறந்திட்டன் நான்.

— அது... கேள்வி இல்லாம எப்பிடி அடுத்த பெட்டிக்குப் போற? நீ சொன்னதை வெச்சித்தான் போட்டன்.

— இலக்கம்?

— என்ன இலக்கம்?

— முதல் பெட்டிக்கு மட்டும்தான் சொன்னன். மத்த மூண்டுக்கும் நான் சொல்லல்ல.

— சும்மா எண்ணிப் போட்டன்டா.

— எண்ணினா மூண்டாம் பெட்டிக்கு ஒண்டு சைபர் வரும். நீ ஒண்டு ஒண்டு போட்டிரிக்காய்.

— பிழையா? தா, அழிச்சிட்டுப் போடுறன்.

— அழிக்காத. அதுதான் சரி. சைபர் ஒண்டிலயிரிந்து ஒண்டு சைபருக்குப் போனா, ரெண்டு இலக்கமும் ஒரே நேரம் மாறணும். மாறாது. ஒண்டு முந்தும், ஒண்டு பிந்தும். கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ள வேற பெட்டிக்குள்ள போய் வந்திரும். கிளிப்பின்ட பூட்டுத் திறந்தாலும் திறந்திரும். அதுக்குத்தான் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இலக்கம் மட்டும் மாறுற மாதிரி வெக்கிற. எங்கட வகுப்பில பாதிப் பேர் இதில பிழைவிட்டவங்க. நீ எண்ணிப் போடல்லக்கா. ஆர் சொல்லித்தந்த?

— தனோஜன்.

— சனிக்கிழமைகள்லயா?

— ம்.

— சனிக்கிழமை கல்லடியில தையல் வகுப்பெடுக்கிறன் எண்டாய்.

— தையல் விட்டுக் கன நாளாச்சுடா.

— தெரியும். மெசின் சத்தம் கேக்கிறேல்ல.

— உனக்கு உதவியா இரிக்கத்தான் தம்பி. கண் வாற வரைக்கும் ஆராவது கீற வேணுமே. வேற ஒண்டுமில்ல.

— தனோஜன் சொல்லித்தந்தது மட்டும்தானா?

— வேற என்ன?

— டெக்னிக்கல் கொலிஜ்ல சேந்திட்டாய் எலுவா.

— ஆர் சொன்ன?

— அவன்ட வாயில என்ன நிக்கும்? பொங்கலுக்கு வந்தவன், அக்கா எப்பிடிப் படிக்கிறா, வகுப்பு பிடிச்சிரிக்கா எண்டு கேட்டான். எனக்குத் தெரியுமெண்டு நினைச்சிட்டான்.

— பொங்கலுக்கா? அப்ப இவ்வளவு நாளும் தெரிஞ்சிட்டுத்தானா... இண்டைக்கும் எனக்குப் பெட்டி கீறு, பட்டம் கீறு எண்டு...

— நீ மட்டும் என்ன? "சாய்சதுரமெண்டா என்ன சாமான்" எண்டு கேட்டாயே. பெட்டிக்குப் பதிலா வேணுமெண்டு வட்டமும் கீறினாய்.

— நீ விளங்கப்படுத்துறது கேக்க ஆசையா இரிந்ததுடா. அந்த விடியவேளைக்குப் புறகு நீ இவ்வளவு நேரம் கதைச்சது இண்டைக்குத்தான். எனக்குத் தெரியுமெண்டு சொன்னா நிப்பாட்டிருவாய் எண்டு பயந்தன். கோவமா?

— இல்ல... அது எத்தின வருசப் படிப்பு?

— ரெண்டு.

— ம்.

— தம்பி... கொழும்பில டொக்டர் என்னை மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டு...

— சொல்லாதக்கா, தேவையில்ல. ஆறு மாசத்தில கண் வாற தம்பிக்காக ஆரும் தையலை விட்டிட்டு ரெண்டு வருசம் படிக்கப் போகமாட்டாங்க. தனோஜன் வாய்தவறின அண்டைக்கே எனக்கு விளங்கிற்று, ஆர்ர கண்ணை வெச்சாலும் எனக்கு ஒட்டாது, பார்வை வராதெண்டு. நீ மறைக்கப் படுற பாட்டைப் பாத்து நானும் நம்பின மாதிரியே இரிந்தன். அம்மாவுக்குச் சொல்றதை நீ சொல்லிட்டே இரி, அவவுக்கு அது வேணும்... எனக்குச் சொன்ன பொய்ய மட்டும் இனிச் சுமக்காத.