வேளை தவறி அடித்த கோயில் மணி

பெயர்: அந்தோணி மரியகொரட்டி. வயது: ஐம்பத்தொன்று. தொழில்: பிள்ளைக்காம்பரா ஆயா. சமயம்: கத்தோலிக்கம். முகவரி: செம்பாறைத் தோட்டம், மேற்பிரிவு, நமுனுகுல. பதுளையிலுள்ள உயர் பொலிஸ் அலுவலகத்துக்குத் தானாக வந்து, பெண் கொன்ஸ்தாபிள் சிவசக்தியிடம் தமிழில் சொல்லி, தமிழிலேயே எழுதப்பட்டது.

நான் மேற்சொன்ன முகவரியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே விதவையானவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுதும் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு ஒரே மகன், பெயர் றொமேஷ், ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். பொலிஸ் வருவதைக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவனுக்கு ஹோர்ன் அடித்து அறிவித்தான் என்பது அவன் மேல் உள்ள குற்றச்சாட்டு. அடுத்த கிழமை வழக்கு மறுபடி கூப்பிடப்படுகிறது. அவன் அதைச் செய்யவில்லை என்று சொல்லவே வந்தேன். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினையுங்கள், ஆனால் கடைசிவரை எழுதுங்கள்.

எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு உதவியாக ஒவ்வொரு பிரிவிலும் சிவில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் கிடையாது. ஒரு தொப்பியும் முதுகில் மினுங்கும் ஒரு மேற்சட்டையும் தந்தார்கள். எங்கள் குழுவுக்குத் தலைவர் இராசையா ஐயா, ஓய்வுபெற்ற கங்காணி, மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். குழுக்களைப் பார்த்துக்கொள்ள நிலையத்திலிருந்து ஒரு சார்ஜன்ட் நியமிக்கப்பட்டிருந்தார். குழுவில் நான் ஒருத்திதான் பெண். என்னை யாரும் வெற்றிலை வைத்து அழைக்கவில்லை, நானாகத்தான் சேர்ந்தேன். என் கணவர் கசிப்பில் போனவர். அந்தக் கசிப்பைக் காய்ச்சியவர் சிங்கராயர், அவர் என் கூடப்பிறந்த அக்கா ஜீவராணியின் புருஷன். இரண்டு குடும்பமும் ஒரே லயத்து வரிசையில், ஒரு கோடியில் என் காம்பரா, மறு கோடியில் அவர்களுடையது. மச்சான் என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டு வருகிறேன், மனதுக்குள் வேறு கூப்பிடுகிறேன். அதை எழுத வேண்டாம் என்று சிவசக்தி மிஸ் சொன்னார், எழுதச் சொன்னேன்.

அதன் பின்னர், காய்ச்சும் இடம் ஆற்றோரத்தில் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னதும் நான்தான். சார்ஜன்ட் ஒரு பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரமாக, ஜீப்பில் வந்தார். குழு ஆட்கள் கோயிலடியில் கூடினோம். அப்போது இராசையா ஐயா, எந்த வேலைக்கும் சாமி கும்பிடாமல் இறங்கக் கூடாது என்று சொல்லிக் கோயிலைத் திறந்தார். எங்கள் தோட்டத்தில் அது பழக்கம்தான். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கத்திகளை வரிசையாக வைத்துப் பூசை செய்வார்கள், புது லொறி வந்தால் சக்கரத்துக்கு எலுமிச்சை வைப்பார்கள். ஐயா அதே வழியில் சுற்றிவளைப்புக்கும் கற்பூரம் கொளுத்தி, மணியை அடி அடி என்று அடித்தார். அந்த மணி எங்கள் மலையில் அடித்தால் எதிர்மலையில் நாய் குரைக்கும். நான் வேதக்காரி என்பதால் வெளியே நின்றேன். சார்ஜன்டும் வெளியே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பக்தியோடு நின்றார். அவருக்கு அவசரமே இருக்கவில்லை. எல்லாரும் திருநீறு பூசி முடிந்து ஆற்றுக்கு இறங்கியபோது அங்கே காய்ச்சும் தகரப் பரல் நின்ற வட்டம் மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் தரமும் இப்படியே நடந்தது, மூன்றாம் தரமும் இப்படியே நடந்தது. வேளை கெட்ட வேளையில் கோயில் மணி அடித்தால் ஆற்றில் இருக்கிறவன் காதை என்ன பஞ்சு வைத்தா அடைத்திருப்பான் என்று நான் இராசையா ஐயாவிடம் கேட்டேன். அவர் சொன்னது: "சாமி கும்புடாம போயி பள்ளத்துல விழுந்து காலு ஒடஞ்சா நீயா வந்து தூக்குவ? மணிச்சத்தம் கேட்டாத்தாம்மா கெட்டது வெலகும்." கெட்டது விலகியது உண்மைதான், பரலோடு விலகியது. அவர் சூது தெரிந்த மனிதர் அல்ல. அவரிடம் எனக்குச் சந்தேகம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மூன்றாம் சுற்றிவளைப்பு அன்று, நாங்கள் ஆற்றிலிருந்து வெறுங்கையோடு ஏறி வரும்போது, என் மகன் பண்டாரவளையிலிருந்து மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து முனியாண்டி வளைவில் ஹோர்ன் அடித்தான். அந்த வளைவில் எதிரே வருவது தெரியாது, அங்கே ஹோர்ன் அடிக்காதவன் வீடு போய்ச் சேரமாட்டான். பொலிஸ் ஜீப்பும் அங்கே அடித்துத்தான் வந்தது. சார்ஜன்ட் ஆட்டோவை மறித்து, அந்த ஹோர்ன்தான் சைகை என்றும், தாய் குழுவில் இருந்து உளவு சொல்ல மகன் அதைப் பெரியப்பனுக்குக் கொண்டுபோகிறான் என்றும் சொல்லி, அவனைக் கையைப் பிடித்து இறக்கினார். நாங்கள் தேடிப் போய்த் திரும்பிய பிறகு அடித்த ஹோர்ன் எப்படி முன்கூட்டிய சைகையாகும் என்று கேட்டேன். முன்பும் அடித்திருப்பான் என்றார். அவன் அவ்வளவு நேரமும் சந்தையில் நின்றவன் என்றேன். அதை நீதிமன்றத்தில் சொல்லச் சொன்னார்.

அதன் பின்னர் குழுவில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், வேலியே பயிரை மேய்கிறது என்று என் காதில் விழச் சொன்னார்கள். வேலி மேய்ந்தது சரிதான், எந்த வேலி என்று அப்போது எனக்கும் தெரியாது. நானும் மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் உள்ளே போன பிறகு அக்கா பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். றொமேஷ் அவள் மடியிலும் வளர்ந்தவன். அப்போது, ஆற்றோரம் இனிச் சரிவராது என்று அவள் புருஷன் இடத்தை மாற்றிவிட்டதாகவும், தண்ணிக் குழாய்க்கு மேலே, பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் இடக்கைப் பக்கம் ஏறிப் போனால் பாறைக்குப் பின்னால் இருப்பதாகவும் சொன்னாள். யாருக்கும் சொல்லாதே என்று என் ஜெபமாலையில் சத்தியம் வாங்கினாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவா விடவா என்று சோறு இறங்காமல் கிடந்தேன்.

அதன் பின்னர் நான்காம் சுற்றிவளைப்பு நடந்தது. அதற்கு முன் இராசையா ஐயாவின் தம்பி இறந்துபோனபடியால் ஐயாவுக்குத் தீட்டு, கருமாதி முடியும்வரை கோயிலுக்குள் போக முடியாது, மணியைத் தொட முடியாது. அந்தப் பின்னேரம் சார்ஜன்ட் ஜீப்பில் வந்து, குழாய்க்கு மேலே காய்ச்சுகிறார்கள் என்று தகவல் கிடைத்ததாகவும், தனக்கு அந்தப் பக்கம் தெரியாது, குழு ஆட்கள்தான் வழிகாட்ட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு கோயிலைப் பார்த்தார். பூட்டியிருந்தது. "இன்னிக்கி பூசை இல்லியா ஐயா?" என்று கேட்டார். தீட்டு என்று ஐயா சொன்னார். சும்மா மணியை மட்டும் அடிக்கலாமே என்றார். அதுவும் கூடாது என்றார் ஐயா. வேறு யாராவது அடிக்கட்டுமே என்றார். சாவி ஐயாவிடம், ஐயா அசையவில்லை. ஒரு பொலிஸ்காரருக்கு மாரியம்மன் மேல் இவ்வளவு பாசம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முதன்முதல் உறைத்தது. அதன் பின்னர் அவர் ஜீப்புக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்டதாகச் சொல்லமாட்டேன்.

பிறகு மேலே ஏறினோம். சார்ஜன்ட் முன்னால், அவருக்குப் பின்னால் நான், இராசையா ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில். பாதை பிரியுமிடம் வந்தது. அந்த இடத்தில் வலக்கைப் பாதைதான் அகலமானது, விறகுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போவார்கள். இடக்கைப் பாதையை மானாப்புல் மூடியிருக்கும், தெரியாதவனுக்கு அது பாதை என்றே தோன்றாது. குழு ஆட்கள் நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஐயா, எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அதற்குள் சார்ஜன்ட் குனிந்து, புல்லைக் கையால் விலக்கிக்கொண்டு, இடக்கைப் பக்கம் ஏறிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் தெரியாது என்று கீழே நின்று சொன்னவர் அவர்தான்.

பாறைக்குப் பின்னால் சாம்பல் சூடாக இருந்தது. பரல் இல்லை, ஊறப்போட்ட கோடா இல்லை, நிலத்தைத் தேயிலை மிலாறால் கூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சார்ஜன்ட் இடுப்பில் கை வைத்து, இந்த முறையும் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று மணி அடிக்கவில்லை. ஹோர்ன் அடித்ததாகச் சொல்லப்படும் என் மகன் அன்று விளக்கமறியலில் இருந்தான். அப்படியானால் சொன்னது யார் என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் உள்ளே போயிருப்பேன், றொமேஷுக்குச் சோறு கொண்டுபோக ஆள் இருந்திருக்காது.

அதன் பின்னர் அக்காவிடம் போய், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "போன் அடிச்சிச்சு. எடுத்து, சரி மாத்தயான்னு ஒரே வார்த்ததான் சொன்னாரு. சாப்புட்ட கையக்கூட கழுவாம எந்திரிச்சி ஓடுனாரு." சிங்களத்தில் ஐயா என்பதுபோல மாத்தயா என்று சிங்கராயர் தோட்டத்துத் துரையைக்கூடக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்று பின்னேரம் சார்ஜன்டின் போனுக்கும் சிங்கராயரின் போனுக்கும் இடையில் பேச்சு நடந்ததா என்று போன் கம்பனியில் கேட்டு எடுக்கும்படி வேண்டுகிறேன். அது பொய்யாக இருந்தால் என்னையும் மகனோடு சேர்த்து அடையுங்கள். உண்மையாக இருந்தால் அவனை விடுங்கள். இதைச் சொன்னதால் அக்கா இனி என் வாசலை மிதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அது எனக்குப் பெரிய துக்கம்.

நான் இங்கு வருவதை இராசையா ஐயா ஒருவருக்குத்தான் சொன்னேன். சார்ஜன்ட் இடக்கைப் பாதையில் ஏறியதை அவரும் பார்த்தவர், தேவைப்பட்டால் சாட்சி சொல்வதாகச் சொன்னார். மூச்சு விடக்கூடாது என்று அம்மன் மேல் சத்தியம் வாங்கினேன். அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார், யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று காலை நான் கோயிலடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவர் குளித்து, கோயிலைத் திறந்து, கற்பூரம் கொளுத்தி, எனக்காக மணி அடித்தார். நேற்றுத்தான் அவருக்குத் தீட்டுக் கழிந்தது. திருநீற்றைத் தட்டோடு கொண்டுவந்து, நான் வேதக்காரி என்பது நினைவு வந்து, கையைப் பின்னால் இழுத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார். "நல்ல காரியத்துக்குப் போறம்மா, தைரியமா போ" என்றார். அந்த மனிதரை நான் எப்படித் திட்டுவேன்.

மணிச்சத்தத்துக்கு லயத்தில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். சிங்கராயரும் வந்தார். என் கையில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், பஸ்ஸின் பலகையில் பதுளை என்று இருந்ததைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பஸ் வளைவு திரும்பும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.

சாட்சியின் பெயரை வெளியே விடாமல் வைத்திருக்கலாம், விரும்பினால் சொல்லுங்கள் என்று சிவசக்தி மிஸ் நல்ல மனதோடு கேட்டார். வரும்போது அப்படித்தான் கேட்க நினைத்திருந்தேன். மணி அடித்துவிட்டது, மிஸ். பின்னேரம் நான் திரும்பிப் போய் இறங்க வேண்டியதும் அதே கோயிலடிதான். முழுப் பெயரையும் எழுதுங்கள், முகவரியையும் எழுதுங்கள்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் நான் கண்டது, நானே கேட்டது, அக்கா எனக்குச் சொன்னது. ஒருவரும் சொல்லித் தந்ததல்ல. எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள், ஒரு சொல்லையும் மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

அந்தோணி மரியகொரட்டி,
றொமேஷின் தாய்.