ரோகிணி தேடும் மிஷின்

...இது மிஷினா, சண்டி மாடா? ரோகிணின்னு தட்டிவிட்டு, மாவாட்டி, வடையும் சுட்டு எடுத்துட்டேன் தம்பி, இன்னும் ஸ்கிரீன்ல ஒரு பொண்ணும் வந்து நிக்கல! ரவாங்குலேருந்து இவ்வளவு தூரம் ரிப்பேருக்கு வந்திருக்க, ஒக்காரு. சாப்புட்டுக்கிட்டே பாரு லா.

வாங்குன புதுசுல எப்படி ஓடுச்சு தெரியுமா? கல்யாணத் தரகு நல்லம்மான்னா சுங்கை பெசார் வரைக்கும் பேரு. ஒங்க மொதலாளிதான் சொன்னாரு, "நட்சத்திரத்துக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கேன்கா, எல்லாரையும் பொரட்ட வேணாம், கேட்ட நட்சத்திரத்துல நேரா போயி நிக்கும்"னு. நின்னுச்சு! உத்திரம்னா உத்திரம், டக்குனு. இப்ப? தோட்டத்துல காலையில பெரட்டுக்கு வரிசையா நிக்கவச்சு மண்டோரு ஆள் எண்ணுற மாதிரி ஒவ்வொருத்தியா பாத்துக்கிட்டுக் கெடக்கு. வயசு சரியா, படிப்பு சரியான்னு...

அதுவும் யாருக்குங்குற? எம் மகன் அர்ஜுனனுக்கு! ரோகிணிதான் பொருந்தும்னுட்டாரு ஜோசியரு. ஊருக்கெல்லாம் பொண்ணு பாத்தவ, பெத்த புள்ளைக்குப் பாக்கல. இந்த வருசமும் ஆவலன்னா சிங்கப்பூருக்கே லோரி ஓட்டப் போயிருவேங்குறான். ஒத்தப் புள்ள தம்பி...

என்ன? இண்டெக்ஸ் நல்லாத்தான் இருக்கா? அப்புறம் ஏன்... என்னது, பத்துக்கு ஒம்பது பொண்ணு ரோகிணியா? ரோகிணின்னு கேட்டா ஏறக்குறைய எல்லாரையுமே பாக்க வேண்டியிருக்கா?

ஹா... இருக்கும், இருக்கும். உலு யாம்லேருந்து இராஜம்மா வந்து அழுதா. "எம் மக மூல நட்சத்திரம்கா, மாமனாருக்கு ஆகாதுன்னு ஒருத்தனும் வாசப்படி ஏறமாட்டேங்குறான்"னு. பாவம் பாத்து மிஷின்ல ரோகிணின்னு மாத்திவிட்டேன். கல்யாணம் ஆச்சு. மாமனாரு கல்லு மாதிரி இருக்காரு, கள்ளுக்கடைக்கு நடந்தே போறாரு! அத கேள்விப்பட்டு எல்லா அம்மாக்காரிங்களும் வந்துட்டாளுங்க. கேட்டை, விசாகம், மாமியார முழுங்குற ஆயில்யம்... அத்தனையும் ரோகிணியாக்கிட்டேன். பழசா? அது எதுக்கு? அது மேலயே அடிச்சு அழிச்சாச்சு.

ஏன் சிரிக்குற? நாலு பொண்ணுங்க வாழ்றாளுங்கள்ல? நட்சத்திரமாம், மண்ணாங்கட்டியாம்...

இரு. இரு இரு. அர்ஜுனனுக்கு இதுலேருந்து ஒருத்திய எடுத்தா... மாமியாரு நான்தானே?

அய்யோ முருகா! இத்தன ரோகிணில எவடா ஆயில்யம்? தம்பி, பைய மூடாத! பழைய நட்சத்திரத்த எப்படியாச்சும் தோண்டி எடுத்துக் குடுத்துட்டுப் போ லா! வேற எவ மாமியாரா இருந்தாலும் பரவால்ல, இது நானு தம்பி!