பனி ஊரில் பேசாத வகுப்பு

பேச்சு கொஞ்ச நேரம் ஓரமா இருக்கட்டும்... ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? பிள்ளைங்களைப் பெத்தவங்க நிறைய வந்திருக்கீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்.

சிவகிரிப் பக்கம் பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. இங்கிலீஷ் எம்.ஏ. அவளுக்கு வேலை எங்க கிடைச்சுது தெரியுமா? மங்கோலியாவுல. ஊருன்னு சொன்னா ஒரு தெரு. தெரு முடிஞ்சா புல்வெளி. புல்வெளி முடிஞ்சா... வானம். அவ்வளவுதான். அதுலயும் பனி விழுந்துட்டா எது தரை, எது வானம்னே தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை. கனவுக்குள்ள நடக்குற மாதிரி இருக்கும்னு அவளே சொல்லுவா.

அந்தப் பள்ளிக்கூடத்துல வெளிநாட்டு டீச்சர் அவ ஒருத்திதான். கடைக்குப் போனா, ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பாங்க. கும்பிட்டா, பதிலுக்குச் சிரிப்பாங்க. உப்புப் போட்ட பால் டீ கொடுப்பாங்க. நல்ல ஜனங்க. ஆனா பேச்சு? பேச்சுக்கு யாரு இருக்கா?

வகுப்புக்குப் போவா. நடுவுல அடுப்பு. நம்ம ஊரு மாதிரியே வறட்டி போட்டு எரிப்பாங்க. அந்த வாசனை வந்ததும் இவளுக்குக் கண்ணு கலங்கும். பிள்ளைங்க சிவந்த கன்னத்தோட உட்கார்ந்திருக்கும். இவ கேட்பா... "வாட் இஸ் யுவர் நேம்?" பதில் இல்ல. "ஹவ் ஓல்ட் ஆர் யூ?" பதில் இல்ல. எழுதச் சொன்னா அழகா எழுதுதுங்க. வாயை மட்டும் திறக்கல. ஜன்னலுக்கு வெளியே பனி விழும்... உள்ளேயும் அதே அமைதி. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. குளிர்காலம் முழுக்க.

தலைமையாசிரியை ஒயுன்ங்கிற ஒரு அம்மா. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவங்ககிட்டப் போயி நின்னா. "மேடம், என்னால முடியல. இந்த வருஷம் முடிஞ்சதும் நான் ஊருக்குப் போயிடுறேன்."

அந்தம்மா அவளை உட்கார வச்சாங்க. "பிள்ளைங்க உன்னை வெறுக்கல," அப்படின்னாங்க.

"தெரியும் மேடம். என்கிட்டச் சொல்றதுக்கு அதுங்ககிட்ட ஒண்ணும் இல்ல."



வசந்தம் வந்துச்சு. அங்க வசந்தத்துலயும் பனி விழும். ஒரு காலையில வகுப்புக்குள்ள நுழையப் போறா... போன் அடிக்குது. ஊர்லேருந்து அம்மா.

"ஏட்டி பூங்கோதை... தங்கச்சிக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்குடி. பெத்தவளும் பிள்ளையும் நல்லாருக்காக."

உங்களுக்கு இது சாதாரணச் சேதி. அவளுக்கு? அந்தத் தங்கச்சி ரெண்டு தடவை பிள்ளையைப் பறிகொடுத்தவ. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, "அக்கா, நீ பக்கத்துல இல்லையே"ன்னு அழுதவ.

யார்கிட்டச் சொல்லுவா? கையைப் பிடிச்சுக் குலுக்க ஒரு ஆள் வேணாமா? அப்படியே வகுப்புக்குள்ள போயி நின்னா. இங்கிலீஷ் வரல. எம்.ஏ. படிச்ச இங்கிலீஷ்... வரல. தமிழ் வருது. கொட்டுது.

"எந் தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு. பொம்பளப்புள்ள. நான் இன்னும் பார்க்கல. யாரு சாயல்னு தெரியல. அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்..." சிரிக்கிறா, அழுவுறா, ரெண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டுறா. அந்தப் பிள்ளைங்களுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியுமா? தெரியாது. ஆனா ஒண்ணுகூட அசையல. கேட்டுக்கிட்டே இருக்கு.

அவ பேசி முடிச்சா. முகத்தைத் துடைச்சுக்கிட்டா. அடுப்புல வறட்டி சரிஞ்சு விழுற சத்தம் மட்டும் கேக்குது.

கடைசி வரிசையில நொமின்னு ஒரு பொண்ணு. குளிர்காலம் முழுக்க உதட்டை அசைக்காதவ. எந்திரிச்சா.

"பாக்ஷ்..." பாக்ஷ்னா அவங்க பாஷையில டீச்சர். "பாக்ஷ்... பேபி... கேர்ள்?"

பூங்கோதை மெதுவாச் சொன்னா. "யெஸ். கேர்ள். மை சிஸ்டர்ஸ் பேபி."

அந்தப் பொண்ணு வார்த்தையைத் தேடுறா... இருட்டுல சுவரைத் தடவிப் போற மாதிரி. "மை ஹோம்... ஆல்சோ பேபி. ஹார்ஸ் பேபி. லெக்... வெரி லாங்." நெஞ்சு வரைக்கும் கையைத் தூக்கிக் காட்டுறா.

அவ்வளவுதான். இன்னொருத்தி எந்திரிச்சா. "மை மதர்... பேபி... சம்மர்." இன்னொரு பக்கம், "ஷீப் பேபி டூ. ஒன் டெட். ஐ க்ரை." அங்க அது ஆடும் குதிரையும் குட்டி போடுற காலம். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பிறப்பு நடந்துக்கிட்டிருந்திருக்கு. அது அத்தனையும் அதுங்க மனசுக்குள்ள இருந்திருக்கு. இலக்கணம் தப்பு. உச்சரிப்பு தப்பு. இவ ஒண்ணையும் திருத்தல. மணி அடிச்சும் ஒரு பிள்ளையும் வெளியே போகல.

சாயங்காலம் ஒயுனம்மாகிட்டப் போனா. "மேடம், நான் ஊருக்குப் போவேன். தங்கச்சி பிள்ளையைப் பார்த்துட்டு... திரும்பி வந்துடுவேன்." அந்தம்மா இவளுக்கு ஒரு கோப்பை டீ ஊத்தினாங்க. போனா, பார்த்தா, திரும்பியும் வந்தா.

இப்ப உங்களைக் கேட்கிறேன்... கோச்சுக்காதீங்க. "எம் பையன் என்கிட்டப் பேசவே மாட்டேங்குறான்"னு சொல்றீங்களே, நீங்க அவன்கிட்ட என்ன பேசுனீங்க? "படிச்சியா? மார்க்கு எவ்வளவு? எங்க போயிட்டு வர்ற?" இது பேச்சாய்யா? இது பரீட்சை. பரீட்சையில யாரு மனசைத் திறப்பா? நமக்குன்னு ஒரு சந்தோஷம் இருக்கு, பயம் இருக்கு, ஒரு அழுகை இருக்கு. அதை என்னைக்காவது அவன் முன்னாடி வச்சோமா? பிள்ளைங்க ஊமை இல்லய்யா. நாமதான் கேள்வியை மட்டும் கொடுத்துட்டு, நம்மளைக் கொடுக்காம இருக்கோம். இன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒண்ணும் கேட்காதீங்க... பக்கத்துல உட்கார்ந்து, உங்க மனசுல இருக்கிறதுல ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க. சொல்லிட்டு... சும்மா இருங்க.